வகுப்பறைக்குள் வந்த வட்ஸ்அப்: ஒரு பழைய மாணவியின் வரலாற்றுக் குறிப்பு

நூற்றாண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டபோது, நீரிழிவு பற்றியோ மார்பகப் புற்றுநோய் பற்றியோ நான் எழுதித் தருவேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். வைத்தியர்களிடம் மலர்க்காரர் வழக்கமாகக் கேட்பது அதைத்தான். நான் வேறொரு விடயத்தை எழுத அனுமதி கேட்டேன். முகநூலும் வட்ஸ்அப்பும் எங்கள் பாடசாலைகளுக்குள் எப்படி வந்தன, வந்து என்ன கொடுத்தன, எதை எடுத்துக்கொண்டு போயின என்பதுதான் அது. இதை வரலாறு என்று சொல்லலாமா எனச் சிலர் கேட்கக்கூடும். நாங்கள் வாழ்ந்து கடந்த காலந்தானே என்று தோன்றும். ஆனால் இன்று தரம் 6 இல் இருக்கும் பிள்ளைக்கு 2020 ஆம் ஆண்டே பழங்கதை. நாங்கள் எழுதாவிட்டால் இதை எழுத ஆளிருக்காது.

இதில் என் சொந்தக் கணக்கு ஒன்றும் உண்டு. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

பழைய வலைகள்

எங்கள் சங்கம் பிறந்த காலத்தில்தான் இலங்கையில் வானொலியும் பிறந்தது. கொழும்பில் முதல் ஒலிபரப்பு 1925 டிசம்பர் 16 இல் ஆரம்பித்தது. பின்னர் வானொலியின் கல்விச் சேவை வந்தது. வாவிக்கு அப்பால் படுவான்கரையில் ஒற்றை ஆசிரியர் நடத்திய பாடசாலைக்கும் கொழும்புக் குரல் ஒன்று பாடம் சொன்னது. அது ஒருவழிப் பாதை. கேட்கலாம், திருப்பிக் கேள்வி கேட்க முடியாது.

இருவழிப் பாதைகளை மாணவியர் தாங்களே உண்டாக்கிக்கொண்டார்கள். கையெழுத்துச் சஞ்சிகை, வகுப்பறைச் சுவர்ப் பத்திரிகை, பேனா நண்பர், விடுமுறைக்கு ஊர் போன விடுதிப் பிள்ளைகளுக்கு எழுதிய கடிதங்கள், எல்லாவற்றுக்கும் மேலாக ஓட்டோகிராப். அந்தப் புத்தகத்தில் விலாசம் எழுதுவோம், பிடித்த பாட்டை எழுதுவோம், “என்னை மறந்திடாத கா” என்று எழுதுவோம். இன்று முகநூல் கேட்கும் விபரங்கள் எல்லாம் எங்களின் ஓட்டோகிராப்பில் இருந்தன. ஒரே வித்தியாசம், அதை யாரிடம் நீட்டுவது என்று நாங்கள் தீர்மானித்தோம்.

இந்த வலைகள் எல்லாம் ஆட்களின் கால்களில் ஓடின. மண்முனையில், அம்பிளாந்துறையில், குருமண்வெளியில் ‘பாதை’ ஓடியது. வெளிநாட்டில் பிறந்த எங்கள் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: வாவியைக் கடக்க ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு போகும் மிதவையைத்தான் நாங்கள் பாதை என்போம். படுவான்கரைப் பிள்ளை வரமுடியாத நாளில் அவளுடைய கொப்பி பாதையில் வந்து, நோட்ஸ் ஏறி, பாதையில் திரும்பிப் போகும்.

1990

நான் தரம் 5 இல் இருந்தபோது 1990 ஜூன் மாதம் கிழக்கில் மீண்டும் யுத்தம் மூண்டது. புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தோம். எங்கள் வகுப்பில் காத்தான்குடியிலிருந்து பஸ்ஸில் வரும் மூன்று பேர் இருந்தார்கள். கல்லடிப் பாலம் கடந்து வருவார்கள். அவர்களில் ஒருத்தி என் பக்கத்து வாங்கு.

ஓகஸ்ட் 3 ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். அடுத்த வாரம் ஏறாவூரில் கொலைகள். செப்டெம்பரில் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து தமிழர்கள் கொண்டுசெல்லப்பட்டார்கள், சத்துருக்கொண்டானில் தமிழ்க் குடும்பங்கள் கொல்லப்பட்டன. இந்த வரிசையை எழுதும்போது ஒரு பக்கத்தை மட்டும் எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. இரு பக்கத்துப் பிள்ளைகளும் எங்கள் வாங்கில் இருந்தவர்கள்.

அந்த மாதங்களில் எங்கள் ஒழுங்கைக்கு ஒரு கதை வந்தது. கிணறுகளில் நஞ்சு கலந்துவிட்டார்களாம். யார் கண்டது, எந்தக் கிணறு என்று ஒருவரும் கேட்கவில்லை. என் பெத்தா மட்டும் வழமைபோல வாளியைக் கிணற்றில் விட்டு அள்ளி, முதல் மிடறைத் தானே குடித்தார். “கண்டவன் ஆரெண்டு கேள் மனே” என்றார். பள்ளிக்கூடம் போகாத அந்த மனுசி எனக்குத் தந்த பாடத்தை, அதற்குப் பின் படித்த ஒரு புத்தகத்திலும் அவ்வளவு சுருக்கமாக நான் காணவில்லை.

பாடசாலை மீண்டும் திறந்தபோது அந்த மூன்று பேரும் வரவில்லை. ஓட்டோகிராப் எழுத எங்களுக்கு வயதும் வரவில்லை, நேரமும் கிடைக்கவில்லை.

முகநூலில் மீண்ட வகுப்பு

2000 களின் முற்பகுதியில் பாடசாலைகளுக்குக் கணினி அறைகள் வந்தன. 2005 முதல் ‘அறிவகம்’ என்ற பெயரில் கிராமங்களில் கணினி நிலையங்கள் திறக்கப்பட்டன. சிங்களத்தில் ‘நெனசல’ என்பார்கள். முகநூல் 2006 செப்டெம்பரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 2004 சுனாமியும் பின்னர் நடந்த யுத்தமும் எங்களைத் திசைக்கொன்றாகச் சிதறடித்திருந்தன. 2009 க்குப் பிறகு ஒருவரை ஒருவர் தேடத் தொடங்கினோம்.

2010 இல் ஒரு நாள் இரவுக் கடமை முடிந்து வந்து முகநூலைத் திறந்தபோது, நட்பு வேண்டி ஓர் அழைப்பு இருந்தது. பெயர் தெரிந்தது, முகம் தெரியவில்லை. கூடவே ஒரு வரி: “அழிறப்பர் ஒண்டு உன்னட்ட இருக்கு, தா.” தரம் 5 இல் என்னிடம் அழிறப்பரை இரவல் தந்துவிட்டுப் போனவள். இருபது வருடம் கழித்து, ஏழு கிலோமீற்றருக்கும் குறைவான தூரத்திலிருந்து, கலிபோர்னியாவில் உள்ள ஒரு கம்பனியின் வழியாக அவள் என்னைக் கண்டுபிடித்தாள். சமூக வலைத்தளங்களைத் திட்டி எழுதும்போதெல்லாம் இந்த வரியை நினைத்துக்கொள்கிறேன்.

பிறகு வட்ஸ்அப் குழு வந்தது. லண்டன், ரொரன்ரோ, சிட்னி, தோஹா, மட்டக்களப்பு, காத்தான்குடி என்று எங்கள் வகுப்பு ஒரே திரையில் மீண்டும் கூடியது. பிறந்தநாள் வாழ்த்தும் பழைய ரீச்சர்மாரின் சுகசேதியும் மருந்துப் பெயர் கேட்டு எனக்கு வரும் படங்களுமாகக் குழு நிறைந்தது.

அம்பாறையில் ஒரு கொத்து

2018 பெப்ரவரி 26 ஆம் திகதி இரவு, வாவியின் தெற்கு முனையிலிருந்து அதிக தூரமில்லாத அம்பாறை நகரில், முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் தகராறு ஒன்று நடந்தது. சாப்பாட்டில் கிடந்த ஒரு கட்டியைக் காட்டி, இது சிங்களவரை மலடாக்கும் மாத்திரை என்றார்கள். காசாளருக்குச் சிங்களம் சரியாகத் தெரியாது. சூழ்ந்து நின்றவர்களின் கேள்விக்குப் பயத்தில் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் வீடியோவாகி முகநூலில் ஓடியது. கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களம் பரிசோதித்தபோது அந்தக் கட்டி வெறும் மாக்கட்டி என்று தெரிந்தது. சாப்பாட்டில் கலந்து கொடுத்து ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை உலகில் இல்லை. அந்த உண்மை வீடியோவின் வேகத்தில் ஓடவில்லை.

மார்ச் முதல் வாரத்தில் கண்டி மாவட்டத்தில் திகன, தெல்தெனியப் பகுதிகளில் வன்முறை வெடித்தது. மார்ச் 6 இல் அவசரகாலநிலை. மார்ச் 7 இல் முகநூல், வட்ஸ்அப், வைபர் எல்லாம் நாடு முழுவதும் முடக்கப்பட்டு, ஒரு வாரம் அளவில் அப்படியே கிடந்தன. வெறுப்புப் பதிவுகளைப் படித்து நீக்குவதற்குச் சிங்களம் தெரிந்தவர்கள் அந்தக் கம்பனியிடம் போதுமான அளவு இருக்கவில்லை என்பது அப்போது வெளிவந்தது. தன் தளம் அந்த வன்முறைக்குத் துணைபோனதற்காக 2020 மே மாதம் முகநூல் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது.

அந்த ஒரு வாரத்தில் இன்னொரு பாடமும் நடந்தது. உயர்தர வகுப்புப் பிள்ளைகள் வீ.பி.என். பாவித்துத் தடையைத் தாண்டக் கற்றுக்கொண்டார்கள், பெற்றோருக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். தடையைத் தாண்டும் வித்தை எல்லாப் பிள்ளைக்கும் வந்தது. வீடியோவில் தலையாட்டும் மனிதனுக்குக் கேள்வி விளங்கியதா என்று யோசிக்கும் வித்தையை எந்த வகுப்பிலும் கற்பிக்கவில்லை.

நான் பதில் சொல்லாத கேள்வி

2019 ஏப்ரல் 21. உயிர்த்த ஞாயிறு. சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பாடசாலை முடித்து வந்த பிள்ளைகளும் கொல்லப்பட்டார்கள். அந்த நாளைப் பற்றி மட்டக்களப்பில் இருந்தவர்களுக்கு நான் எழுதத் தேவையில்லை. வைத்தியசாலையில் இருந்தவர்களுக்கு அதை எழுதவும் முடியாது. எங்கள் வகுப்புக் குழுவில் முதலில் வந்த சில செய்திகளில் காத்தான்குடித் தோழிகளின் செய்திகள் இருந்தன. அழுதிருந்தார்கள். இரத்தம் தேவையா என்று கேட்டிருந்தார்கள்.

அன்றே அரசாங்கம் சமூக வலைத்தளங்களை முடக்கியது. ஏப்ரல் 30 இல் தடை நீங்கியது. தடை நீங்கியதும் ‘முன்னனுப்பிய’ செய்திகள் குழுவை நிறைத்தன. எழுதியவர் பெயர் இல்லை, திகதி இல்லை. எல்லாம் ஒரு சமூகத்தையே குற்றவாளியாக்கியவை. மே 12 இல் சிலாபத்தில் ஒரு முஸ்லிம் கடைக்காரர் முகநூலில் ஆங்கிலத்தில் இட்ட சிறு பின்னூட்டம் பயமுறுத்தலாக விளங்கிக்கொள்ளப்பட்டு, கடைகள் உடைக்கப்பட்டன. அதிகம் சிரித்தால் ஒரு நாள் அழவேண்டி வரும் என்பதுதான் அதன் கருத்து. சாதாரணதர ஆங்கிலப் பாடத்தில் கருத்தறிதல் பகுதியில் வரக்கூடிய ஒரு வசனம். மறுநாள் வலைத்தளங்கள் மறுபடியும் முடக்கப்பட்டன.

அதே மே மாதம் குருநாகல் வைத்தியசாலையின் முஸ்லிம் வைத்தியர் ஒருவர், சத்திரசிகிச்சை மூலம் பிள்ளை பெற்ற நாலாயிரம் சிங்களத் தாய்மாரை இரகசியமாக மலடாக்கினார் என்று ஒரு பத்திரிகை முதற்பக்கத்தில் எழுதியது. வலைத்தளங்கள் அதை வீட்டுக்கு வீடு கொண்டுபோயின. அவர் கைது செய்யப்பட்டார். ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களம் ஜூன் மாதம் நீதிமன்றத்துக்குச் சொன்னது. ஜூலையில் அவருக்குப் பிணை கிடைத்தது.

அந்தச் செய்தி எங்கள் குழுவுக்கும் வந்தது. அழிறப்பர்காரி குழுவில் எல்லோர் முன்னாலும் என்னைக் கேட்டாள்: “டொக்டர், நீ சொல்லு. இப்பிடி நடக்க ஏலுமா?”

பதில் எனக்குத் தெரியும். சீசர் சத்திரசிகிச்சை தனி ஆள் செய்வதல்ல. உதவி வைத்தியர், மயக்கமருந்து வைத்தியர், தாதியர் எல்லோரும் அந்த மேசையைச் சுற்றி நிற்கிறார்கள். வயிறு திறந்திருக்கும் அந்த நேரத்தில் கருக்குழாயைத் தொடும் கையை எல்லோரும் காண்பார்கள். ஒருமுறை மறைக்கலாம் என்று வாதிட்டாலும் நாலாயிரம் முறை மறைக்க முடியாது. இவ்வளவையும் நான் மூன்று நிமிடத்தில் தட்டச்சு செய்திருக்கலாம்.

செய்யவில்லை. சீயோன் தேவாலயத்துப் பிள்ளைகளின் முகம் கண்ணுக்குள் நின்றது. குழுவில் சிலர் கொதித்துப்போயிருந்தார்கள். நான் ஏன் வாயைக் கொடுக்கவேண்டும் என்று நினைத்தேன். நான் வாசித்துவிட்டேன் என்று இரண்டு நீலக் கோடுகள் அவளுக்குக் காட்டியிருக்கும். இரவு பத்தரை மணியளவில் மூன்று பெயர்களின் கீழ், வெளியேறினார், வெளியேறினார், வெளியேறினார் என்று விழுந்தது.

1990 இல் அவர்கள் போனபோது எனக்குப் பத்து வயது. அதற்கு நான் பொறுப்பில்லை. 2019 இல் எனக்குப் பத்து வயதில்லை.

2020 மார்ச்: தடைசெய்த பொருளே வகுப்பறையானது

இனிக் கல்விக்கு வருகிறேன். கையடக்கத் தொலைபேசியோடு பிடிபட்டால் பெற்றோரை அழைத்துவர வேண்டும் என்பதுதான் 2020 வரை எங்கள் பிரதேசத்துப் பாடசாலைகளின் வழக்கம். 2020 மார்ச் 13 முதல் கொரோனா காரணமாக நாட்டின் பாடசாலைகள் மூடப்பட்டன. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அரச பாடசாலைகள், ஏறத்தாழ 40 இலட்சம் மாணவர்கள். சில நாட்களுக்குள் அதே அதிபர்கள், அதே பெற்றோரிடம், பிள்ளைக்கு ஒரு தொலைபேசி எடுத்துக் கொடுங்கள் என்று கேட்க நேர்ந்தது.

கல்வி அமைச்சின் ‘ஈ-தக்சலாவ’ இணையத்தளம் இருந்தது. தொலைக்காட்சியில் ‘குருகெதர’ பாடங்கள் போயின. ஆனாலும் எங்கள் பக்கத்தில் பாடசாலை நடந்த இடம் வட்ஸ்அப்தான். ரீச்சர் தாளில் எழுதிப் படம்பிடித்து அனுப்புவார். விளக்கத்தைக் குரல்பதிவாக அனுப்புவார். பிள்ளை விடையை எழுதி, படம்பிடித்துத் திருப்பி அனுப்பும். நாற்பது பிள்ளைகளின் கொப்பிப் படங்களைச் சின்னத் திரையில் பெருப்பித்துப் பெருப்பித்துத் திருத்திய ரீச்சர்மாரின் கண்ணும் கழுத்தும் பட்ட பாட்டை என் கிளினிக்கில் கண்டிருக்கிறேன். டேட்டாவுக்கு அவர்கள் சொந்தக் காசையே செலவழித்தார்கள். 2021 ஜூலை முதல் ஒக்டோபர் வரை சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி ஆசிரியர்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகி நின்றதைப் பற்றிப் பலருக்குப் பல கருத்து இருக்கலாம். அதற்கு முன்னைய பதினாறு மாதங்கள் என்ன செய்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும்.

யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பது முக்கியம். ஊவாவில் போஹிட்டியாவ என்ற கிராமத்துப் பிள்ளைகள் சிக்னல் தேடிக் காட்டுவழியே பாறை ஏறியது உலகச் செய்தியானது. படுவான்கரையிலும் பிள்ளைகள் வயல்வரம்புகளில் தொலைபேசியை உயர்த்திப் பிடித்தபடி நின்றார்கள், அது செய்தியாகவில்லை. மூன்று பிள்ளை உள்ள வீட்டில் ஒரு தொலைபேசி. அதுவும் தகப்பன் வேலைக்குப் போகும்போது கூடவே போய்விடும். இரவு எட்டு மணிக்கு அவர் திரும்பியதும் காலைப் பாடம் தொடங்கும். முதலில் அண்ணனுக்கு, பிறகு தம்பிக்கு, கடைசியில் மகளுக்கு. பெண்பிள்ளையின் கையில் தொலைபேசி எதற்கு என்ற கேள்வியும் கூடவே இருந்தது.

அப்போது எங்கள் சங்கம் செய்ததை இங்கே பதிவு செய்யவேண்டும். வெளிநாட்டுத் தோழிகள் அனுப்பிய பணத்தில் பாடக்குறிப்புகளைப் போட்டோகொப்பி எடுத்தோம். ஊரடங்கு தளர்ந்த நாட்களில் அந்தக் கட்டுகள் படுவான்கரைக்குப் போயின. 2014 இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு அந்த வழியில் முச்சக்கரவண்டி ஓடுகிறது. குருமண்வெளியில் இன்னும் பாதைதான். 1980 களின் கொப்பிகளைப் போலவே 2020 இன் கட்டுகளும் மண்டூர்ப் பக்கம் பாதையில் கடந்தன. அதேவேளை லண்டனிலிருந்து ஒரு தோழி இரசாயனவியலும் ரொரன்ரோவிலிருந்து இன்னொருத்தி இணைந்த கணிதமும் சனிக்கிழமைகளில் ஸூம் வழியாகக் கற்பித்தார்கள். இரண்டும் ஒரே சங்கத்தின் வேலை. ஒன்று இருந்தால் மற்றது தேவையில்லை என்று சொல்ல முடியாத காலம் அது. 2022 இல் எரிபொருள் இல்லாமல் பாடசாலைகள் மூடப்பட்டபோதும் அந்தச் சனிக்கிழமை வகுப்புகள்தான் கைகொடுத்தன.

இவ்வளவு பெரிய மாற்றம் எந்த விதியும் இல்லாமல் நடந்தது. வட்ஸ்அப் பாவிக்க அப்போது குறைந்தது 13 வயதாக வேண்டும் என்பது அந்தக் கம்பனியின் சொந்த விதி. தரம் 6 பிள்ளைக்குப் பதினொரு வயது. ஆக, அரச பாடசாலையின் கட்டாயக் கல்வி, பிள்ளை சேர அனுமதியில்லாத ஒரு தளத்தில் நடந்தது. குழுவில் சேர்த்ததும் எல்லாப் பிள்ளைகளின் இலக்கமும் எல்லோருக்கும் தெரிந்தது. அந்நியரிடமிருந்து இரவில் அழைப்பு வருகிறது என்று என்னிடம் வந்த தாய்மார் பலர். தன் பிள்ளையின் படத்தை யாரோ மாற்றிப் பரப்பிவிட்டார்கள் என்று, காய்ச்சலுக்கு மருந்தெடுக்க வந்ததுபோல வந்து அழுத தாய் ஒருவரும் உண்டு. பொலிசுக்குப் போகப் பயம், பாடசாலைக்குச் சொல்ல வெட்கம். பிள்ளையின் படிப்பையே நிறுத்திவிடலாமா என்று கேட்டார். அதை நிறுத்தாமல் தடுத்தது என் தொழில் வாழ்க்கையில் நான் செய்த நல்ல காரியங்களில் ஒன்று.

தடையா, பாடமா?

உலகம் இப்போது தடையின் பக்கம் சாய்கிறது. 16 வயதுக்குட்பட்டோர் சமூக வலைத்தளக் கணக்கு வைத்திருக்க முடியாது என்று அவுஸ்திரேலியா 2024 இல் சட்டமியற்றி, 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைப்படுத்தியது. சிட்னித் தோழிகளின் பிள்ளைகளுக்கு இது நேரடி விடயம். பாடசாலையில் கைத்தொலைபேசியைக் கட்டுப்படுத்தும் நாடுகளும் கூடிவருகின்றன. நித்திரை, கண், மனச்சோர்வு எல்லாவற்றையும் கிளினிக்கில் காண்பவள் என்ற வகையில் அந்தக் கவலை எனக்கும் உண்டு. வகுப்பு நேரத்தில் தொலைபேசி தேவையில்லை என்பதே என் கருத்தும்.

ஆனால் எங்கள் நாட்டுக்குத் தடை புதிதல்ல. 2018 இல் ஒருமுறை, 2019 இல் இருமுறைக்கும் மேல், பொருளாதார நெருக்கடிப் போராட்டம் கிளர்ந்த 2022 ஏப்ரல் 3 இல் மறுபடியும் முடக்கினார்கள். கடைசித் தடை ஒரு நாளைக்கூடத் தாண்டவில்லை. 2024 இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்தது. அது வெறுப்பை அடக்குமா, விமர்சனத்தை அடக்குமா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. எந்தத் தடையும், தடை நீங்கிய மறுநாள் வந்த பொய்யை அடையாளம் காண ஒரு பிள்ளைக்கும் கற்பிக்கவில்லை.

கற்பிக்க முடியும் என்பதற்குக் கடலுக்கு அப்பால் ஓர் உதாரணம் உண்டு. கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் 2017 இல் தட்டம்மை, ருபெல்லாத் தடுப்பூசிக்கு எதிராக வட்ஸ்அப்பில் பொய்கள் பரவி, பெற்றோர் பலர் பிள்ளைகளுக்கு ஊசி போட மறுத்தார்கள். மாவட்ட ஆட்சியர் தண்டனையை மட்டும் நம்பியிருக்கவில்லை. 2018 இல் ‘சத்யமேவ ஜயதே’ என்ற பெயரில் ஏறத்தாழ 150 அரச பாடசாலைகளில் பொய்ச்செய்தி பற்றிய பாடத்தைத் தொடக்கினார். சாதாரண ஆசிரியர்கள், சாதாரண வகுப்பறை, ஒரு பாடவேளை. வந்த செய்தியை எழுதியவர் யார், அவருக்கு அது எப்படித் தெரியும், வேறெங்காவது இருக்கிறதா, அனுப்புமுன் ஏன் எனக்குக் கோபம் வருகிறது என்று கேட்கப் பழக்கினார்கள். என் பெத்தாவின் கேள்விதான். அதைப் பாடத்திட்டத்தில் சேர்த்திருந்தார்கள்.

இது எனக்குத் தொழிலிலும் தேவை. 2017 முதல் இலங்கையில் தரம் 6 மாணவியருக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி பாடசாலையில் வைத்தே போடப்படுகிறது. ஒரு தாய் தொலைபேசியை நீட்டி, “இந்த ஊசி போட்டாப் பிள்ளை பிறக்காதாமே டொக்டர்” என்று கேட்டார். அம்பாறைக் கொத்தில் இருந்த அதே கதை இப்போது எங்கள் பிள்ளையின் தோள்மூட்டுக்கு வந்திருந்தது. மற்றவனைப் பற்றிய பொய்யை விசாரிக்காமல் விழுங்கிப் பழகியவர்களுக்கு, தன்னைப் பற்றிய பொய் வரும்போதும் விசாரிக்கத் தெரியாது. நான் அந்தத் தாயோடு அரைமணி நேரம் இருந்தேன். பிள்ளை ஊசி போட்டுக்கொண்டது. ஆனால் அப்படி உட்காரக் கிளினிக்கில் எத்தனை அரைமணி நேரம் இருக்கிறது? அந்தப் பிள்ளை தரம் 6 இலேயே அம்மாவுக்கு விளக்கிச் சொல்லக் கூடியவளாக இருந்திருக்க வேண்டும்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

குடியுரிமைக் கல்வி எங்கள் பாடத்திட்டத்தில் இருக்கிறது. பாராளுமன்றம், மாகாணசபை, அடிப்படை உரிமை எல்லாம் மனப்பாடமாகச் சொல்வார்கள். குழுவில் ஒரு பொய் வந்து விழும்போது என்ன செய்வது என்பது அதில் இல்லை. அந்த இடத்தை நிரப்பப் பழைய மாணவியரால் முடியும். எங்களில் வைத்தியர், சட்டத்தரணி, பொறியியலாளர், பத்திரிகைக்காரர், கணினித் துறையினர் என்று எத்தனை பேர். மாதத்தில் ஒரு பாடவேளையை அதிபர் தந்தால், அந்த மாதம் குழுக்களில் ஓடிய செய்தி ஒன்றை எடுத்துப் பிள்ளைகளோடு சேர்ந்து பிரித்துப் பார்க்கலாம். இரண்டாம் தவணையில் அதையே காத்தான்குடியிலோ ஏறாவூரிலோ உள்ள ஒரு பெண்கள் பாடசாலையோடு கூட்டாகச் செய்யலாம். ஒரே செய்தி அங்கே எப்படி வாசிக்கப்பட்டது, இங்கே எப்படி வாசிக்கப்பட்டது என்று இரு பக்கப் பிள்ளைகளும் ஒரே மேசையில் இருந்து பார்க்கவேண்டும். பாடசாலைக் குழுக்களுக்கும் எழுதிய விதி வேண்டும்: இலக்கங்கள் மறைந்திருக்க வேண்டும், இரவு எட்டு மணிக்குப் பின் செய்தி இல்லை, தொலைபேசி இல்லாத பிள்ளைக்கு அதே நாளில் தாளில் பாடம் போகவேண்டும்.

என் கணக்கையும் முடித்துவிடுகிறேன். 2021 இல் காத்தான்குடிக்கு அவள் வீட்டுக்குப் போனேன். முகக்கவசத்தோடு வாசலில் நின்று, பதில் சொல்லாததற்கு மன்னிப்புக் கேட்டேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “எனக்கு விடை தெரியாமலா கேட்டன்? நீ சொன்னா அவங்க கேப்பாங்க எண்டுதானே கேட்டன்” என்றாள். தேத்தண்ணி தந்தாள். அவளுடைய உம்மா என் அம்மாவைச் சுகம் விசாரித்தார்.

அன்றிரவே குழுவில், இரண்டு வருடம் பிந்திய அந்தப் பதிலை எழுதினேன். சிலர் நன்றி சொன்னார்கள், ஒருவர் வெளியேறினார், மற்றவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் இன்னும் குழுவில் சேரவில்லை. நூற்றாண்டு விழாவுக்கு வருகிறேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். விழாவுக்கு வரும் என் வகுப்புத் தோழிகள் எல்லோரும் அவளோடும் மற்ற இருவரோடும் வந்து பேசவேண்டும் என்பதற்காகவும்தான் இதை இந்த மலரில் எழுதினேன். அழிறப்பர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.